நோம்பி சாட்டிய ஊரில் வழிப்போக்கர்

ஆடி முதல் நாள் மாலையில் சேலத்தில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர் கண்ணில் முதலில் படுவது புகை. வீட்டு வாசல், சந்து முனை, காலி மனை என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் சருகும் விறகும் கூட்டி நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். நெருப்பைச் சுற்றிப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஆளுக்கொரு நீளக் குச்சியைப் பிடித்து நிற்கிறார்கள். ஒவ்வொரு குச்சி முனையிலும் ஒரு முழுத் தேங்காய், மஞ்சள் பூசியது, நெருப்பில் மெல்லச் சுழல்கிறது. மஞ்சள் கருகி, ஓடு கருத்து, சில நேரம் படீரென்று வெடிக்கிறது. சின்னப் பிள்ளைகள் கூச்சலிட்டு இரண்டடி பின்னால் ஓடி, மறுபடி வந்து நிற்கிறார்கள்.

தேங்காய் சுடும் பண்டிகை என்பது இதற்குப் பெயர். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் வட்டாரத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் பலர் இதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. வேலையோ நுட்பமானது. தேங்காயின் நாரை முழுதும் நீக்கி, தரையில் தேய்த்து ஓட்டை வழவழப்பாக்க வேண்டும். கண்ணைத் துளைத்து நீரை வடித்துவிட்டு, அந்தச் சிறு துளை வழியே பச்சரிசி அல்லது அவல், பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, வெல்லம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, வடித்த நீரில் சிறிதை மறுபடி ஊற்றி, கூராகச் சீவிய அழிஞ்சிக் குச்சியைச் செருகி மூட வேண்டும். அழிஞ்சிக் குச்சிக்காகவே பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பிருந்து கடைவீதிகளில் கட்டுக்கட்டாக வியாபாரம் நடக்கும். சுட்ட தேங்காயைப் பிள்ளையார் முன் உடைத்தால் உள்ளே அரிசியும் பருப்பும் வெல்லப் பாகில் வெந்து, புகை மணத்தோடு இருக்கும். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அது நல்லபடி முடிய வேண்டிப் போட்ட படையல் இது என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள்.

வழிப்போக்கருக்கு இங்கே நேர்வது ஒன்று உண்டு. நின்று பார்ப்பவரை யாரும் சும்மா நிற்க விடுவதில்லை. “கொஞ்சம் புடிங்க” என்று ஒரு குச்சி கைக்கு வந்துவிடும். கை சூடேறி, கண் எரிந்து, தேங்காய் கருகாமல் திருப்பத் தெரியாமல் தடுமாறி, கடைசியில் ஒரு சில்லு தின்றுவிட்டுத்தான் அவர் அந்தத் தெருவைக் கடக்க முடியும். இந்தச் சமவெளியின் விழாக்களைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் கோயில்களின் பழமையிலிருந்து தொடங்குகிறார்கள். பழமைக்கு இங்கே குறைவில்லைதான். ஆனாலும் வந்தவர் கையில் ஒரு குச்சியைக் கொடுக்கும் இந்த வழக்கமே சேலம்–நாமக்கல் நாட்டு ஆன்மிக வாழ்வின் நெஞ்சுப் பகுதி என்று தோன்றுகிறது.

கொங்கு வழக்கில் மாரியம்மன் திருவிழாவுக்கு ‘நோம்பி’ என்று பெயர். நோன்பு என்ற சொல் பேச்சில் உருண்டு நோம்பியாகியிருக்கிறது. நாள் குறித்து அறிவிப்பது ‘சாட்டுதல்’. பூச்சாட்டு நடந்து, காப்புக் கட்டி, கம்பம் நட்டுவிட்டால் ஊருக்குச் சில சட்டங்கள் வந்துவிடும். ஊர்க்காரர் வெளியூரில் இராத் தங்கக் கூடாது. வேலைக்குப் போனாலும் பொழுது சாய்ந்தால் திரும்பிவிட வேண்டும். இதன் மறுபக்கம்தான் பயணிக்குரியது: சாட்டும் இரவில் ஊருக்குள் தங்கிவிட்ட விருந்தாளியும் நோம்பி முடியும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாது என்பது பல ஊர்களின் பழைய கட்டுப்பாடு. அன்றிரவு யார் யார் உள்ளே இருந்தார்களோ அவர்கள் எல்லாரும் அந்தப் பதினைந்து நாளைக்கு ஊர்க்காரர்கள். அம்மை நோய் உயிரெடுத்த காலத்தில் இந்த விதிக்கு வேறொரு பயனும் இருந்திருக்கலாம். இன்று பஸ்ஸும் வேலையும் விதியைத் தளர்த்திவிட்டன. ஆனாலும் நோம்பிக்கு நாள் குறித்துவிட்டால் மகளுக்கும் மருமகனுக்கும் போன் போட்டுச் சொல்வதில் அந்தப் பழைய கண்டிப்பின் குரல் இன்னும் இருக்கிறது.

கம்பம் என்பது மூன்று கிளையாகப் பிரிந்த ஒரு மரத்துண்டு. பெரும்பாலும் பால் வடியும் மரமோ வேம்போ. அதைச் செதுக்கி, மஞ்சள் பூசி, அம்மன் சன்னிதிக்கு எதிரே நடுகிறார்கள். அது அம்மனின் கணவன். விடியற்காலையில் பெண்கள் ஈரத்துணியோடு குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து அதற்கு ஊற்றுகிறார்கள். இரவில் அதன் தலைமேல் பூவோடு என்னும் தீச்சட்டி எரிய, தப்பட்டை அடிக்கு ஆண்கள் சுற்றிச்சுற்றி ஆடுகிறார்கள். நோம்பியின் முடிவில் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றிலோ ஆற்றிலோ விட்டுவிடுவார்கள். அந்த இரவில் கோயில் வாசலில் ஒரு துக்க வீட்டின் அமைதி வந்து உட்கார்ந்துகொள்வதை நேரில் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி கொங்கு மக்களின் வாழ்வை ஆராய்ந்தார். 1972இல் வெளிவந்த அவருடைய கொங்குச் சமூக ஆய்வு இன்றும் படிக்கப்படுகிறது. கண்ணபுரம் மாரியம்மன் விழாவைப் பற்றி 1981இல் அவர் எழுதிய தனி ஆய்வில், இந்தக் கம்பத்தைக் கணவன் என்றும் அம்மனிடம் தோற்கும் அசுரன் என்றும் இரு விதமாகப் பார்க்க இடமிருப்பதை விரித்துச் சொல்கிறார். ஒரே மரத்துண்டு இரண்டாகவும் இருக்க முடிவது புத்தகத்தில் படித்தால் முரண். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பெண்ணுக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை.

கம்பத்தைப் பிடுங்கிவிடும் வழக்கத்துக்கு ஒரு விலக்கு ராசிபுரம். அங்கே மாரியம்மன் முன் கம்பம் ஆண்டு முழுவதும் நிற்கிறது. ஐப்பசித் திருவிழாவில் பழையதை எடுத்துப் புதியதை நடுவார்களே தவிர இடம் வெறுமையாவதில்லை. ஆகவே அவள் நித்திய சுமங்கலி மாரியம்மன். மற்ற ஊர் அம்மன்கள் ஆண்டுதோறும் கணவனை இழக்க, இவள் மட்டும் பூவோடும் பொட்டோடும் இருக்கிறாள் என்பதில் ராசிபுரத்துப் பெண்களுக்கு உள்ள பெருமிதம் சாதாரணமானதன்று. குழந்தை வேண்டியும் தாலி பாக்கியம் வேண்டியும் வருகிற வெளியூர்ப் பெண்களுக்கு அந்தக் கம்பமே மூலவர் போல.

இந்தச் சமவெளிக்கு வந்த வழிப்போக்கர்களில் எழுத்தில் தடம் பதித்த மூத்தவர்களில் ஒருவர் திருஞானசம்பந்தர். ஏழாம் நூற்றாண்டில் அடியார் கூட்டத்தோடு கொங்கு நாட்டுக்கு வந்தவர், இன்றைய திருச்செங்கோடான கொடிமாடச் செங்குன்றூரில் தங்கினார். அது பனிக்காலம். ஊருக்குப் பழகாத உடம்புகளைக் குளிர்சுரம் பிடித்தது. அந்த நாட்டில் அந்தப் பருவத்தில் அந்த நோய் வருவது இயல்பு என்று அடியார்கள் சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது. சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார். அவர் கூட்டத்தை மட்டுமல்லாமல் அந்த நாட்டையே அந்த நோய் விட்டு நீங்கியது என்பது சேக்கிழார் கூற்று. நஞ்சைக் கழுத்தில் நிறுத்தியவனை நோய்க்கு மருந்தாக அழைத்த அந்தப் பாடலை இன்றும் காய்ச்சல் கண்ட வீட்டில் ஓதுகிறவர்கள் உண்டு. விருந்தாளியாக வந்தவர் ஊரின் நோயையும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார் என்பதை இந்த வரலாற்றில் கவனிக்கத் தோன்றுகிறது. சாட்டிய ஊரின் விதியைச் சம்பந்தர் தம் வழியில் நிறைவேற்றியிருக்கிறார்.

திருச்செங்கோட்டு மலை தூரத்திலிருந்தே செம்மை கலந்த பாறையாகத் தெரியும். படிகள் ஆயிரத்து இருநூறுக்கும் மேல். ஏறும் வழியில் பாறையில் அறுபதடி நீளத்துக்கு ஒரு நாகம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் குங்குமமும் மஞ்சளும் காய்ந்து காய்ந்து தடித்துக் கிடக்கின்றன. அதற்கும் மேலே அறுபது படிகள் கொண்ட ஒரு தொகுதி, சத்தியப் படி. கடன், நிலம், பாகப் பிரிவினை என்று தீராத வழக்குகளை அந்தப் படியில் நின்று சத்தியம் செய்து முடித்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. உச்சியில் மூலவர் பாதி ஆண், பாதி பெண். ஒரு பக்கம் வேட்டி, மறுபக்கம் சேலை உடுத்தி நிற்கும் மாதொருபாகனைச் சிற்பமாகப் பல கோயில்களில் காணலாம். கருவறைத் தெய்வமாகவே காண்பது அரிது.

படியேற முடியாதவர்களுக்காகத் தெய்வமே இறங்கி வருவதுதான் வைகாசி விசாகத் திருவிழா. அர்த்தநாரீசுவரரும் செங்கோட்டு வேலவரும் மலையிலிருந்து ஊருக்குள் வந்து, தேரேறி வீதி சுற்றி, விழா முடிந்து மலைக்குத் திரும்புவார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடு நாடெங்கும் அலைகிற திருச்செங்கோட்டுக்காரர்கள் பலர், எந்த மாநிலத்தில் இருந்தாலும் அந்த நாட்களுக்கு ஊர் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். வடக்கே ஏதோ ஒரு ஊரில் நானூறடி, ஐந்நூறடி பாறைக்குள் தண்ணீர் தேடிய கை, ஊர்த் தேரின் வடத்தைப் பிடிக்கிறது.

மறுபடி சேலம். ஆடி முழுதும் இந்த நகரம் பேட்டை பேட்டையாகப் பிரிந்து கொண்டாடும். குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாரி. அவர்களுக்கெல்லாம் மூத்தவள் திருமணிமுத்தாற்றங்கரைக் கோட்டை மாரியம்மன் என்பது ஊரின் நம்பிக்கை. பூச்சாட்டு, கம்பம், சக்தி அழைப்பு, உருளுதண்டம், பொங்கல் என்று அவள் கோயிலில் நடக்கிற வரிசைதான் நகரத்துக்கே அந்த மாதத்து நாட்காட்டி. மாவட்ட நிர்வாகமே உள்ளூர் விடுமுறை விடுகிறது. உப்பும் மிளகும் கொட்டுகிறவர்கள், வெள்ளியில் கண்ணடக்கம் சாத்துகிறவர்கள், ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றி உருளுகிறவர்கள், மாவிளக்குத் தட்டோடு வரிசையில் நிற்கும் பெண்கள் எல்லாருக்கும் நடுவே நடக்க இடமில்லாமல் நிற்கிற பயணிக்கு யாராவது ஒரு டம்ளர் கூழ் நீட்டுவார்கள்.

குகையில் நடக்கும் வண்டி வேடிக்கை நூறாண்டைத் தாண்டிய வழக்கம். மாட்டு வண்டிகளில் தொடங்கியதாலேயே அந்தப் பெயர். இப்போது லாரிகளும் டிராக்டர்களும். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு புராணக் காட்சி: கயிலாயம், பாற்கடல், மீனாட்சி கல்யாணம், மகிடனை அழிக்கும் தேவி. காட்சியில் பொம்மை கிடையாது. எல்லாம் அந்தந்தத் தெருவின் மனிதர்கள். பகலில் தறிக்கூடத்திலும் பட்டறையிலும் வெள்ளிக் கொலுசு வேலையிலும் இருந்தவர்கள் மாலையில் முகத்தில் அரிதாரம் பூசி, கிரீடம் வைத்து, மின்விளக்கின் வெக்கையில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கிறார்கள். கூட்டம் அவர்களைத் தெருக்காரராகவும் தெய்வமாகவும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. கீழே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நண்பனைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கும் அந்த இளைஞனின் கட்டுப்பாடும் ஒரு தவம்தான்.

அதே குகை மாரியம்மன்–காளியம்மன் கோயிலில் இன்னொரு நேர்த்திக்கடன் வெளியூர்க்காரரைத் திடுக்கிட வைக்கும். வேண்டிக்கொண்டவர்கள் தட்டில் வேப்பிலையும் துடைப்பமும் செருப்பும் ஏந்தி வந்து தலை குனிகிறார்கள். பூசாரி அவற்றால் தலையில் அடிக்கிறார். செருப்படித் திருவிழா என்றே பெயர். இதைக் கேள்விப்பட்டு முகம் சுளிப்பது எளிது. அந்த வரிசையில் பணம் படைத்தவரும் கூலிக்காரரும் முன்பின்னாக நிற்பதையும், வாழ்நாள் முழுவதும் யாரிடமும் தலை குனியாதவர் அங்கே தாமாக வந்து குனிவதையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவதே நியாயம்.

நெசவு இந்த நகருக்குப் பல மொழிகளைக் கொண்டுவந்தது. சௌராட்டிரமும் தெலுங்கும் கன்னடமும் தமிழோடு ஒரே தெருவில் பேசப்படுகின்றன. ஒவ்வொரு மக்களும் தங்கள் தெய்வத்தையும் உடன் அழைத்து வந்தார்கள். தேவாங்கர்களின் சௌடேசுவரி அம்மன் விழாவில் சக்தி அழைக்கும்போது இளைஞர்கள் கத்தியால் மார்பிலும் கையிலும் அடித்துக்கொண்டு அவள் முன்னால் பின்னோக்கி நடந்து வருவார்கள். வர மறுத்த தாயைத் தம் இரத்தம் காட்டி அழைத்து வந்த முன்னோர் கதை அதில் திரும்ப நிகழ்கிறது. காயத்தில் உடனே பண்டாரப் பொடியை அப்பிக்கொண்டு மறுபடி ஆடத் தொடங்குவார்கள். நெசவோடு வந்த இந்த மக்கள் எல்லாரும் என்றோ ஒரு நாள் இந்தச் சமவெளிக்கு வழிப்போக்கர்களாக வந்தவர்களே. அவர்களும் சாட்டிய ஊரில் தங்கிவிட்டார்கள்.

சேலத்திலிருந்து தெற்கே, கொல்லிமலையின் அடியில் இருக்கிறது சேந்தமங்கலம். 1623இல் அங்கே ஒரு விசித்திரமான துறவி வந்தார். காவி உடை, சைவ உணவு, வடமொழியும் தமிழும் தெலுங்கும் கற்ற நாவு, பிறந்ததோ இத்தாலியில். தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த இராபர்ட் டி நோபிலி அவர். 1606இல் மதுரைக்கு வந்து, சந்நியாசிக் கோலம் பூண்டதற்காகத் தம் சபையினரிடமே பல ஆண்டு விசாரணைக்கு ஆளானவர். அந்த முறைக்குப் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியின் அனுமதி கிடைத்த அதே 1623இல்தான் மதுரையை விட்டு வடக்கே நடந்தார். சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மதித்து வரவேற்றார். அங்கிருந்து சேலம் வந்து அங்கும் தங்கினார். மதம் மாற்றுவதே அவருடைய நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நோக்கத்தோடு எல்லாரும் உடன்பட வேண்டியதும் இல்லை. ஆயினும் ஒரு நாட்டுக்குள் போகிறவன் அந்த நாட்டின் உணவையும் உடையையும் மொழியையும் ஏற்க வேண்டும் என்று தம் காலத்து ஐரோப்பியரில் அவரைப்போல் உணர்ந்தவர்கள் மிகச் சிலர். காவி கட்டியவரைக் கண்டால் எழுந்து நிற்கிற இந்தச் சமவெளியின் பழக்கமே அவருக்கு வாசல் திறந்தது.

அதே சேந்தமங்கலத்துக்கு மூன்று நூற்றாண்டு கழித்து ஒரு திகம்பர அவதூதர் வந்து தங்கினார். கல்லிடைக்குறிச்சியில் 1871இல் பிறந்த சுயம்பிரகாசர். டி நோபிலி உடையை மாற்றிக்கொண்டு வந்தார். இவர் உடையையே விட்டுவிட்டு வந்தார். ஊருக்கு வெளியே கரட்டின்மேல் தத்தாத்திரேயருக்கு அவர் எழுப்பிய கோயில் தமிழ்நாட்டில் அரியது. 1948இல் அவர் அங்கேயே சித்தியடைந்தார். அவருடைய சீடரான புதுக்கோட்டை சாந்தானந்த சுவாமிகள் பின்னாளில் சேலம் உடையாப்பட்டியில் ஸ்கந்தாசிரமம் அமைத்தார். அங்கே முருகனும் பதினெட்டுக் கைகளுடைய அன்னையும் நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறார்கள். மகன் தாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அமைப்புக்கு முன், நடுவில் நிற்கிற பக்தருக்குத் தாம் குறுக்கே நிற்கிறோமோ என்ற கூச்சம் வரும்.

இந்தச் சமவெளிக்கு வந்து போனவர்களில் உலகம் அறிந்த ஒருவரின் பயணம் மூன்று இரவுகளே நீடித்தது. 1913 டிசம்பர் இறுதி, தமிழில் மார்கழி. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, பல்கலைக்கழக உதவித்தொகையால் கணக்கில் மூழ்கியிருந்த சீனிவாச இராமானுஜன் நாமக்கல்லுக்கு வந்தார். கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டியின் அழைப்பு வந்து மாதங்கள் ஆகியிருந்தன. கடல் தாண்டக் கூடாது என்பது அவர் பிறந்த வைணவ அந்தணக் குடும்பத்தின் ஆசாரம். முடிவை அவர் நாமக்கல்லின் நாமகிரித் தாயாரிடம் விட்டார். துறைமுக அலுவலகத்தில் மேலதிகாரியும் கணக்கில் துணைவருமான நாராயண ஐயர் உடன் வந்தார். அப்போது நாமக்கல்லுக்கு ரயில் இல்லை. சேலம்–நாமக்கல்–கரூர் பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 2013இல், அந்தப் பயணத்துக்குச் சரியாக நூறாண்டு கழித்து.

நாமகிரி அந்தக் குடும்பத்துக்குப் புதியவள் அல்லள். இராமானுஜனின் தாய்வழிப் பாட்டிக்கு அவள் கண்கண்ட தெய்வம். குழந்தையில்லாமல் இருந்த தாய் கோமளத்தம்மாள் அவளை வேண்டிக்கொண்ட பின்பே 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் இராமானுஜன் பிறந்ததாகக் குடும்பம் நம்பியது. மூன்று இரவு அவர் கோயிலிலேயே படுத்திருந்தார். அனுமதி கிடைத்தது என்ற தெளிவோடு எழுந்தார். தாயும் கனவில் மகன் ஐரோப்பியர் நடுவே இருப்பதைக் கண்டார், தடுக்காதே என்று நாமகிரி சொன்னாள் என்பது இன்னொரு வரலாறு. விவரங்கள் ஆளுக்கு ஆள் சற்று மாறுகின்றன. 1914 மார்ச் 17இல் அவர் சென்னையிலிருந்து ‘நெவாசா’ கப்பலில் புறப்பட்டார் என்பதில் மாற்றமில்லை.

அந்த இரவுகளில் அவர் கண்ணெதிரே இருந்தது என்ன? நாமக்கல் ஒரே பாறையாலான குன்று. அதன் மேற்குப் பக்கத்தை எட்டாம் நூற்றாண்டு வாக்கில் குடைந்து நரசிம்மருக்குக் குகைக் கோயில் அமைத்தார்கள். கிழக்கே அரங்கநாதருக்கு இன்னொன்று. அதியர் குலத்தவரின் பணி. அரங்கநாதர் குகையின் கல்வெட்டு அதை ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என்கிறது. நரசிம்மர் குகைச் சுவர்களில் உலகளந்த பெருமாள் காலைத் தலைக்குமேல் தூக்கியிருக்கிறார், வராகர் பூமியை ஏந்துகிறார், இரணியன் மடியில் கிழிபடுகிறான். தாயார் சன்னிதி தனியே இருக்கிறது. மார்கழிப் பனியில் பகல் வெயிலை வாங்கிய பாறை நள்ளிரவு வரைக்கும் வெதுவெதுப்பாக இருந்திருக்கும். விடியலில் திருப்பாவை ஒலித்திருக்கும். எல்லா மதங்களும் ஏறக்குறைய ஒரே அளவு உண்மை என்று தம்மிடம் இராமானுஜன் சொன்னதை ஹார்டி பின்னாளில் எழுதினார், ஆகவே அவருடைய பக்தியைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்ற கருத்தில். ஒருவரிடம் பணிவாகச் சொன்ன சொல்லையும், பனி இரவில் கல் தரையில் படுத்த உடம்பையும் ஒப்பிட்டால் உடம்பின் சாட்சிக்கே எடை அதிகம் என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

நரசிம்மரைப் பார்த்துக் கை கூப்பியபடி சற்றுத் தள்ளி நிற்கிறார் பதினெட்டடி ஆஞ்சநேயர். மேலே கூரை இல்லை. மழையும் வெயிலும் அவர் தோளில். அனுமன் ஜெயந்தியன்று 1,00,008 வடைகளால் மாலை சாத்துகிறார்கள். வடை சுடும் வேலை பல நாள் முன்பே தொடங்கிவிடும். லாரிக்குக் கூண்டு கட்டும் ஊர் இது, முட்டைக்குப் பெயர்போன ஊர். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்த ஓட்டுநர் லுங்கியை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டு அந்த நெடிய உருவத்தின் முன் நிற்பதும் இங்கே அன்றாடக் காட்சி.

சேலத்திலிருந்து நாமக்கல் பக்கம் வழிகாட்டக் கூடியது ஒரு சிற்றாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்தின் நடுவே ஓடி, நஞ்சை இடையாற்றில் காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாறு. அதன் கரையில் சேலம் சுகவனேசுவரர், அங்கவை சங்கவைக்கு ஔவை மணம் முடித்ததாகச் சொல்லப்படும் உத்தமசோழபுரம் கரபுரநாதர், பில்லூர், மாவுரெட்டிப்பட்டி, நஞ்சை இடையாறு என்று ஐந்து சிவன் கோயில்கள். மகா சிவராத்திரியில் ஐந்தையும் ஒரே நாளில் வழிபடுவது சிறப்பு என்று வேனிலும் பைக்கிலும் கிளம்புகிறார்கள். முத்து விளைந்ததாகப் பெயர் பெற்ற அந்த ஆறு சேலத்துக்குள் சாயக் கழிவும் சாக்கடையுமாகக் கறுத்து ஓடுகிறது. ஐந்து கோயிலிலும் அபிஷேகம் காணும் ஈசனுக்கு முன்பு தீர்த்தம் தந்தது அதுவே என்று நினைக்கும்போது மனம் வலிக்கிறது. அதைத் தூய்மை செய்வதும் ஒரு திருப்பணிதான். கும்பாபிஷேகத்துக்குக் காட்டும் முனைப்பில் பாதியை அதற்கும் காட்டக் கூடாதா?

திருந்த முடியாத வழக்கம் என்று எதுவும் இல்லை என்பதற்கு வாழப்பாடிப் பக்கமே சாட்சி. பொங்கலின்போது காட்டில் வலை விரித்து வங்காநரி பிடித்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து, கோயில் முன் ஓடவிட்டு, பிறகு காட்டில் விடுவது அங்கே சில கிராமங்களின் வழக்கமாக இருந்தது. நரி முகத்தில் விழித்தால் ஆண்டு முழுதும் வெள்ளாமை செழிக்கும் என்ற நம்பிக்கை. பாதுகாக்கப்பட்ட விலங்கு என்று வனத்துறை தடுத்தது, அபராதம் விதித்தது. இப்போது நரி பொம்மையையும் படத்தையும் வைத்து வணங்குகிற ஊர்கள் இருக்கின்றன. விழா நிற்கவில்லை. நரியும் பிழைத்தது.

இந்த நாட்டுக்காரர்களே வழிப்போக்கர்களாக மாறும் காலம் தை. எடப்பாடிப் பருவதராஜகுலத்தார் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கிறார்கள், பல தலைமுறையாக. தைப்பூசக் கூட்டம் வடிந்த பின் அவர்கள் ஆயிரக்கணக்கில் பழனி மலைமேல் சேர்கிறார்கள். இரவில் மலையில் யாரும் தங்கக் கூடாது என்பது கோயிலின் விதி. இவர்களுக்கு மட்டும் ஓரிரவு விலக்கு. அங்கேயே வாழையும் சர்க்கரையும் பேரீச்சையும் கொண்டு டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைகிறார்கள். பாத்திரம் தூக்குபவர், பழம் உரிப்பவர், பிசைபவர், பங்கிடுபவர் என்று குடும்பம் குடும்பமாக வேலை பிரிந்திருக்கும். ஊருக்குத் திரும்பியதும் அது வீடு வீடாகப் போகும். நடந்து போக முடியாத கிழவிக்கும், சும்மா அந்தத் தெரு வழியாகப் போன புடவை வியாபாரிக்கும். சாட்டிய ஊரில் வந்தவரைத் தங்கவைப்பவர்களை, வேறோர் ஊர் மலைமேல் தங்கவைக்கிறது.

நோம்பியின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. கம்பம் நள்ளிரவிலேயே கிணற்றுக்குப் போய்விட்டது. அது நின்ற குழியில் மண் ஈரமாக இருக்கிறது, வேப்பிலைகள் மிதிபட்டுக் கிடக்கின்றன. காலையில் பெண்கள் செம்பிலும் குடத்திலும் மஞ்சள் கலந்த நீரோடு வாசலில் காத்திருப்பார்கள். முறைக்காரர்மேல்தான் ஊற்ற வேண்டும்: மாமன், அத்தை மகன், கொழுந்தன். பஸ் பிடிக்கப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்து வழியாக விறுவிறு என்று நடக்கிற வெளியூர்க்காரர், தமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொண்டு நடப்பார். மூன்றாவது வீட்டைக் கடக்கும்போது பின்னாலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் முதுகில் விழும். திரும்பினால், வாய்பொத்திச் சிரிக்கிற ஒரு கூட்டம். பொக்கை வாயோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி சொல்வார்: “பத்து நாளா இங்கதான கண்ணு சோறு தின்ன. நீ எம் பேத்திக்கு மொறை மாமன்தான், போ.”

ராசிபுரம் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கைக்காரர் சட்டையைப் பார்ப்பார். “எந்த ஊரு நோம்பிங்க?” என்று கேட்டுவிட்டு, நகர்ந்து இடம் கொடுப்பார்.